உயிரிக்கரி: சொல்லும் பொருளும், வயல் மண்ணில் அதன் வேலையும்

மரத்துண்டு, வைக்கோல், உமி, தேயிலைக் கவ்வாத்தில் (செடியைக் கத்தரிக்கையில்) விழும் மிலாறு (சுள்ளி) போன்ற தாவரப் பொருள்களைக் காற்று மிகக் குறைவாகப் புகும்படி அடைத்து, ஏறத்தாழ 350 முதல் 700 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் கரியாக்கி, எரிபொருளாக அல்லாமல் மண்ணில் இடுவதற்கென்றே எடுக்கும் கரிக்கு ஆங்கிலத்தில் ‘பயோச்சார்’ என்று பெயர். இதற்குரிய தமிழ்ச் சொல் உயிரிக்கரி. ‘மண்ணில் இடுவதற்கென்றே’ என்பது இவ்விளக்கத்தின் உயிரான பகுதி. ஒரே மூட்டத்தில் இறக்கிய கரியில் ஒரு கூடை அடுப்புக்குப் போனால் அது அடுப்புக்கரி. மற்றொரு கூடை வயலுக்குப் போனால் அது உயிரிக்கரி.

ஆங்கிலச் சொல் மிக அண்மைக்காலத்தது. வாழ்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான ‘பயோஸ்’ என்பதன் முற்பகுதியும், மரக்கரியைக் குறிக்கும் ‘சார்கோல்’ என்பதிலிருந்து பிரிந்த ‘சார்’ என்பதும் சேர்ந்து அது உருவானது. இத்துறையினர் தொடக்கத்தில் ‘அக்ரிச்சார்’ என்ற பெயரையும் வழங்கினர். 2007இல் ஆஸ்திரேலியாவின் டெரிகல் நகரில் கூடிய முதலாவது பன்னாட்டு மாநாடு அப்பெயரிலேயே நடந்தது. பின்னரே ‘பயோச்சார்’ நிலைத்தது.

பெயர் புதிதாயினும் பொருள் மிகப் பழையது. அமேசான் காட்டில், வெளிறிய ஏழை மண்ணுக்கு நடுவே ஆங்காங்கே கரிய வளமான நிலத்துண்டுகள் உள்ளன. அங்கு வாழ்ந்த தொல்குடி மக்கள் மரக்கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து நூற்றாண்டுக்கணக்கில் உருவாக்கிய அம்மண்ணைப் போர்த்துக்கேய மொழியில் ‘டெரா பிரெட்டா’, அதாவது கருமண் என்பர். இதனைத் தமிழில் ‘கரிசல்’ என்று எழுதுவது தவறு. தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணின் நிறத்துக்கு அதன் களிமண்ணும் அதனோடு பிணைந்த மக்கும் காரணமே தவிர, மனிதர் இட்ட கரி காரணமன்று.

தமிழில் ‘கரி’ என்ற சொல்லுக்கு யானை, சாட்சி ஆகிய பொருள்களும் உண்டு. ‘இந்திரனே சாலுங் கரி’ என்னும் குறளில் அது சாட்சியைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது கருமையோடும், கரிதல், கருகுதல் என்னும் வினைகளோடும் உறவுள்ள கரி. இத்தொழிலுக்கான சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பைப் புகையவிடுவதைக் கரிமூட்டம் போடுதல் என்கிறோம். நூல்களில் வெப்பப்பகுப்பு எனப்படுவது இதுவே. காற்றுத் தாராளமாகப் புகுந்துவிட்டால் காபன் முழுவதும் எரிந்து போய், எஞ்சுவது நீறு. ‘நீறு பூத்த நெருப்பு’ என்னும் வழக்கில் வரும் நீறு அதுதான். கரி வேறு, நீறு வேறு என்ற இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் உயிரிக்கரி என்ற சொல்லே பொருளிழக்கும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டும் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் இருக்கும், ஆனால் காபன் அநேகமாக இராது.

‘உயிர்க்கரி’, ‘உயிரிக்கரி’ என்ற இரண்டில் எது பொருத்தம்? முன்னது சொல்வதற்கு எளிது, பலர் எழுதுவதும் அதுவே. ஆயினும் உயிர்ச்சத்து, உயிர்நாடி என்பவற்றில் ‘உயிர்’ என்பது உயிரைத் தாங்கும் தன்மையைக் காட்டுவதால், உயிர்க்கரி என்பதும் மண்ணுக்கு உயிர் தரும் கரி என்று பொருள் தந்துவிடுகிறது. மூலச் சொல் அவ்வாறு வாக்குறுதி அளிக்கவில்லை; உயிரிப் பொருளிலிருந்து பெற்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உயிரி எரிபொருள் என்ற தொடரை ஒத்து அமைந்த ‘உயிரிக்கரி’ அந்த அளவோடு நிற்பதால், அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

உமியிலிருந்து செய்ததற்கு இதுவும் வேண்டியதில்லை. கரியால் பல் துலக்கிய தலைமுறை நன்கறிந்த ‘உமிக்கரி’ என்ற சொல் அப்படியே பொருந்தும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. இலங்கை மலையகத்தில் வெலிமடை, ஹங்குராங்கெத்தை போன்ற நெல் விளையும் பகுதிகளின் சிறு ஆலைகளில் அதற்குக் குறைவில்லை. பக்கமெங்கும் துளையிட்ட தகரப் பீப்பாயைக் கவிழ்த்து, மேலே புகைக்குழாய் பொருத்தி, உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவிப்பார்கள். குவியலின் உட்புறம் முதலில் கறுத்து, கருமை மெல்ல வெளியே பரவும். அடிக்கடி கிளறி, மேற்புறமும் கறுத்தவுடன், சாம்பல் நிறம் தோன்றுவதற்கு முன் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். கையில் எடுத்தால் ஒவ்வொரு உமியும் தன் உருக்குலையாமல் கறுப்பாக இருப்பதே நல்ல உமிக்கரிக்கு அடையாளம்.

இனி வயல் மண்ணுக்கும், புவியை வெப்பமாக்கும் பச்சைவீட்டு வாயுக்களுக்கும் வருவோம். வயலில் நீர் கட்டியதும் மண்ணிலுள்ள ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. நுண்ணங்கிகள் முதலில் நைத்திரேற்றையும், பிறகு மங்கனீசு, இரும்பு, சல்பேற்று ஆகியவற்றையும் பயன்படுத்திக்கொள்கின்றன. அவையும் குறைந்த பின்னரே, மெதேன் என்னும் அத்தகைய வாயுவை உண்டாக்கும் நுண்ணங்கிகள் ஓங்குகின்றன. அந்த மெதேனில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றிடைவெளிகள் வழியாகவே வெளியேறுகிறது. பச்சை வைக்கோலை அப்படியே உழுது அமிழ்த்தினால் இந்நுண்ணங்கிகளுக்கு இரை கூடும். அதே வைக்கோலைக் கரியாக்கி இட்டால் எளிதில் மட்காத காபனாக அது நின்றுவிடும்; மூலப்பொருளின் காபனில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு நீண்டகாலம் மண்ணில் தங்கக்கூடும். உயிரிக்கரியின் பயன்களுள் ஐயத்துக்கு இடமில்லாதது இதுவே.

வாயு வெளியேற்றத்தில் கதை அவ்வளவு நேரானதல்ல. கரியின் நுண்துளைகளில் காற்று தங்குவதால் மெதேனை உண்ணும் பற்றீரியாக்கள் பெருகி, மெதேன் குறையலாம். ஆனால் கரி மண்ணின் அமிலத்தன்மையைத் தணிப்பதால், நடுநிலையை விரும்பும், மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகளுக்கும் அது வசதியாகிவிடலாம். சீனத்தின் தாய் ஏரிச் சமவெளி வயலொன்றில் ஹெக்டெயருக்கு 40 தொன் வீதம் இட்டபோது மெதேன் 34 முதல் 41 சதவீதம் வரை கூடியதாகவும், மற்றொரு பச்சைவீட்டு வாயுவான நைதரசு ஒட்சைட்டு கணிசமாகக் குறைந்ததாகவும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு வயல்களில் மெதேனும் குறைந்திருக்கிறது. மண், கரியின் வகை, நீர் கட்டும் முறை ஆகியவற்றைப் பொறுத்தே பலன் அமைவதால், ‘உயிரிக்கரி மெதேனைக் குறைக்கும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது பிழை.

நைதரசு ஒட்சைட்டைப் பொறுத்தவரை சான்று மெதேனைவிட உறுதியானது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு வெப்பமூட்டும் இவ்வாயுவைத் தீங்கற்ற நைதரசனாக மாற்றும் இறுதிப்படி, அமில மண்ணில் தடைப்படுகிறது; கரி அத்தடையைத் தளர்த்துகிறது. மலையகத்துக்கு இது மிக முக்கியம் என்று கருதுகிறேன். வெலிமடைப் பக்கத்தில் பெரும்போகத்தில் நெல் விளைந்த அதே வயலில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடுகிறார்கள். நீர் வடிந்த மண்ணில் நைதரசன் பசளை அதிகமாக விழும் அக்காலத்தில்தான் நைதரசு ஒட்சைட்டுக்கு வாய்ப்புக் கூடுகிறது. தேயிலைத் தோட்டத்து நம்மவர் பலருக்கு வயல் சொந்தமில்லை என்றாலும், மரக்கறித் தோட்டங்களில் கூலிக்கு உழைப்போரும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்வோரும் இருக்கிறார்கள். இச்சொல்லைத் தெளிவாக அறியும் தேவை அவர்களுக்கும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை: இதனைக் ‘கரிப்பசளை’ என்று அழைக்க வேண்டாம். உயிரிக்கரி பசளையன்று, மண் திருத்தி. அது நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். தானாக நைதரசன் தருவது மிகச் சொற்பம். புதுக்கரியைத் தனியே இட்டால் மண்ணிலுள்ள நைதரசனையும் சிறிது காலம் பிடித்துக்கொள்ளும் என்பதால், சாணத்தோடோ கூட்டெருவோடோ கலந்து ஊறவைத்து இடுவதே முறை. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடை தளர்த்தப்பட்ட அனுபவம் நமக்கு இருக்கையில், பசளைக்கு மாற்று என்ற எண்ணத்தைத் தரும் எந்தப் பெயரும் விவசாயிக்குத் தீங்கே செய்யும்.

பள்ளத்து வயலுக்கு நன்மை தருவது மேலே உள்ள தேயிலை மலைக்கும் அப்படியே ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. தேயிலைக்குப் பீஎச் பெறுமானம் 4.5 முதல் 5.5 வரையான அமில மண் வேண்டும். காரத்தன்மை மிகுந்த கரியை அங்கே அள்ளிக் கொட்டினால் செடி வாடும். ஆகவே விற்பனைக்கு வரும் பையில் ‘உயிரிக்கரி’ என்ற பெயருக்குக் கீழே, அது எந்தப் பொருளிலிருந்து, எவ்வளவு வெப்பத்தில் எடுக்கப்பட்டது, அதன் பீஎச் பெறுமானம் என்ன என்ற மூன்று விவரங்களும் தமிழில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.