"அப்பாவை எலி மாதிரி சோதிப்பாங்களா, டாக்டர்?"

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிய நிலையில், மருந்து ஆய்வு என்று பேச்செடுத்தாலே பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து, "மருந்துன்னு சொல்லி வெறும் தண்ணியை ஏத்திட்டா?"

சரி, நடந்து முடிந்த ஓர் ஆய்வையே சொல்கிறேன். 886 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு என்ஃபோர்ட்டுமாப் வெடோடினும் பெம்ப்ரோலிசுமாபும். முதலாவது, புற்றணுவின் மேலிருக்கும் நெக்டின்-4 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அணுவுக்குள் நஞ்சை இறக்கும்; இரண்டாவது, உடலின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும். மற்ற பிரிவுக்கு? வெறும் தண்ணீர் இல்லை. நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் கீமோதான். கீமோ பிரிவில் பாதிப் பேர் 16.1 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். புதிய மருந்துகளில் அது 31.5 மாதங்கள். 2023 அக்டோபரில் இந்த முடிவைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு காலம் முதல் சிகிச்சையாக கீமோவைத் தாண்டி எதுவும் ஜெயிக்காத நோய் இது.

ஆனால் எல்லா மருந்தும் இப்படி அமைவதில்லை. கட்டி சுருங்குகிறது என்ற ஆரம்ப முடிவை வைத்து 2021இல் சாசிடுசுமாப் கோவிடெகான் என்ற மருந்துக்கு இதே நோய்க்காக அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. பெரிய ஆய்வில் ஆயுள் கூடியதாக நிரூபிக்க முடியவில்லை. 2024இல் நிறுவனமே இந்த நோய்க்கான அனுமதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதனால், ஆய்வில் சேரும்முன் "கட்டி சுருங்குமா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனையாவது கட்ட ஆய்வு, மற்ற பிரிவுக்கு என்ன மருந்து என்று கேளுங்கள். மருந்து ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணையும் கேளுங்கள். இந்தியாவில் அது கட்டாயம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, மருந்து ஆய்வுக்கான 2019 விதிகளின்படி உங்கள் உரிமை. "ட்ரயல்" என்று சொல்லி மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், பக்க விளைவு. என்ஃபோர்ட்டுமாப் வெடோடின் சர்க்கரையை ஏற்றிவிடும். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் அதிகம் என்பதால் இது எனக்குப் பெரிய கவலை. தோலில் கொப்புளம் வந்தாலோ வாய் புண்ணானாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், அன்றிரவே கூப்பிடுங்கள். விரல்களும் மரத்துப்போகலாம். "சட்டைப் பொத்தான் போட முடியுதாங்கய்யா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். மருந்தை நிறுத்திவிடுவேனோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். அளவைக் குறைத்து, இடைவெளி விட்டு, திரும்பத் தொடர வழியிருக்கிறது.