அமல்: ஒரு சொல் விளக்கம்

காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை போடும். செய்தியில் அதை ‘தடை அமல்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஏட்டில் இருக்கும் விதி நடப்புக்கு வருவதுதான் அமல். சட்டம் இயற்றுவது வேறு, அதை அமல் செய்வது வேறு.

அரபு மொழியில் இதற்குச் செயல், வேலை என்றுதான் பொருள். தமிழ் முஸ்லிம்கள் நற்செயலை ‘நல்ல அமல்’ என்பதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. பாரசீகம் வழியாக ஆட்சி மொழிக்குள் நுழைந்தபோதுதான் அதிகாரம், வரிவசூல் எல்லாம் இதன்மேல் ஏறிக்கொண்டன. ‘தார்’ என்ற பாரசீக ஒட்டுக்கு ‘உடையவர்’ என்று பொருள், சேர்த்தால் அமல்தார். ஹைதர், திப்பு காலத்து மைசூர் ஆட்சியில் வட்டார நிர்வாகமும் வரியும் அவர் கையில். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகும்வரை, இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகாலும் மைசூரின் கீழ்தான் இருந்தது. இப்போது நமக்குத் தாசில்தார் இருக்கிறார், அமல்தார் இல்லை. அமல் மட்டும் போகவில்லை.

ஓசூர்ப் பக்கம் இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கை உண்டு. தெலுங்கில் ‘அமலு’ என்றால் நம்மைப் போலவே நடைமுறைப்படுத்துவது. கன்னடத்திலோ ‘அமலு’ என்றால் போதை! மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு என்ற பலகையைக் கன்னடக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தால் என்ன நினைப்பாரோ.

தமிழிலேயே ‘அமல்தல்’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு. நெருங்கி அடர்தல் என்று பொருள். மலைச்சரிவில் மூங்கில் அடர்ந்திருப்பதைச் சொல்லச் சங்கப் பாடல்களில் வரும். ‘அமலன்’ வடமொழி, மாசற்றவன். இரண்டுக்கும் நம் அமலோடு உறவில்லை. ‘அமுல்’ என்பது இதே சொல்லின் இன்னொரு வடிவம். இலங்கைத் தமிழில் அதுதான் வழக்கம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தடை அமலுக்கு வந்தது’ என்பதற்கு ‘நடைமுறைக்கு வந்தது’ கச்சிதமாகப் பொருந்தும். ‘அமலில் உள்ளது’ என்பதை ‘நடப்பில் உள்ளது’ எனலாம். திட்டம் என்றால் செயல்படுத்துதல், தீர்ப்பு என்றால் நிறைவேற்றுதல். அமலாக்கத் துறையில்தான் இடிக்கிறது. ‘செயலாக்கம்’ என்றால் மீறினால் பிடிப்பார்கள் என்ற மிரட்டல் அதில் இல்லை. ‘சட்டச் செயலாக்கம்’ என்று நீட்டினால் ஓரளவு சரியாக வரும் என்பது என் எண்ணம்.