டெர்மினல் கிறுக்குனா உடனே விண்டோவ மூடாதீங்க

"ஸ்க்ரீன் ஃபுல்லா ஏதோ கிறுக்கலா வருது சார், சர்வர ரீபூட் பண்ணிடவா?" சர்வர் பாத்துக்கற வேலைல இருக்கறவங்களுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அனேகமா சர்வர் நல்லாதான் இருக்கும், உங்க முன்னாடி இருக்கற டெர்மினல், அதாவது கமாண்ட் அடிக்கற அந்த விண்டோதான் குழம்பியிருக்கும், ஆனா நீங்க எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினுக்குள்ள நுழையற வழி) விண்டோவ மூடுனா உள்ள ஓடிட்டிருந்த அப்டேட்டோ டேட்டாபேஸ் வேலையோ பாதில செத்துடலாம், அதுதான் நிஜமான சேதம். பெரிய வேலைய எப்பவும் டீமக்ஸ்குள்ள (உங்க செஷன சர்வர்லயே ஓட வைக்கற ப்ரோக்ராம்) ஓட்டுங்க, விண்டோ போனாலும் வேலை போகாது.

ஒண்ணுமே நகரலையா? மொதல்ல கண்ட்ரோல் க்யூ அழுத்துங்க. சேவ் பண்ற பழக்கத்துல கண்ட்ரோல் எஸ் தட்டியிருப்பீங்க, டெர்மினலுக்கு அது "அவுட்புட்ட நிறுத்து"ன்னு அர்த்தம்.

எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமா மாறிடுச்சுன்னா ஏதோ பைனரி ஃபைல (படம், ப்ரோக்ராம் மாதிரி வெறும் எழுத்தா இல்லாதது) கேட் கமாண்டால ஸ்க்ரீன்ல கொட்டியிருப்பீங்க, அதுல 14ஆம் நம்பர் பைட் வந்தா கோடு போடற எழுத்துத் தொகுப்புக்கு டெர்மினல் மாறிடலாம், விடி100ங்கற பழைய டெர்மினல் காலத்து வழக்கம் இன்னும் ஓடுது. டைப் பண்றது தெரியலன்னாலும் பரவால்ல, ரீசெட்னு அடிச்சு எண்டர் தட்டுங்க. எண்டரும் வேலை செய்யலையா, கண்ட்ரோல் ஜே. தெரியாத ஃபைல இனிமே லெஸ் கமாண்டால தெறங்க.

என்னைக் கேட்டா அதிகம் நேரம் திங்கறது டெர்ம் வேரியபிள்தான், இது எந்த வகை டெர்மினல்னு ப்ரோக்ராம்களுக்கு சொல்ற செட்டிங். புது டெர்மினல் ஆப் தன் பேர அதுல வைக்கும், அந்தப் பேருக்கான டெர்ம்இன்ஃபோ (அந்த டெர்மினல எப்படி இயக்கணும்ங்கற விவரம்) ரிமோட் மெஷின்ல இருக்காது, உடனே பேக்ஸ்பேஸ் அழிக்காம இடம் விடும், விம் எடிட்டர் தாறுமாறா வரும். அவசரத்துக்கு அந்த செஷன்ல மட்டும் எக்ஸ்டெர்ம்-256கலர்னு மாத்திக்கோங்க. அதையே பேஷ்ஆர்சில (கமாண்ட வாங்கி ஓட்டற பேஷ் தொடங்கும்போது படிக்கற ஃபைல்) நிரந்தரமா எழுதி வைக்கறாங்க பாருங்க, அது வேணவே வேணாம், டீமக்ஸ்குள்ள போனதும் அங்க வேற கோளாறு கிளம்பும். உங்க மெஷின்ல இன்ஃபோகம்ப் கமாண்டால அந்த விவரத்த எடுத்து ரிமோட்ல டிக் கமாண்டால ஏத்துறதுதான் சரியான வழி.

நீளமா டைப் பண்ணும்போது வரி மேலயே வரி ஏறுதுன்னா உங்க ப்ராம்ப்ட்ல (கமாண்டுக்கு முன்னாடி வர்ற பகுதி) கலர் கோட சுத்தி பேக்ஸ்லாஷோட சதுர அடைப்புக்குறி விட்டுப்போச்சான்னு பாருங்க, பேஷ் அந்த கோடையும் எழுத்தா எண்ணிடும்.

தமிழ் எழுத்து கேள்விக்குறியா வந்தா லொகேல் கமாண்ட் அடிச்சு யூடிஎஃப்-8 (தமிழையும் காட்டற எழுத்து முறை) இருக்கான்னு பாருங்க. எழுத்து சரியா வந்து கர்சர் மட்டும் தள்ளி நிக்குதுன்னா, "கொ" மாதிரி எழுத்துக்கு எத்தன கட்டம்னு டெர்மினலும் ப்ரோக்ராமும் வேற வேற கணக்கு போடுதுங்க, அத எந்த ரீசெட்டும் சரி பண்ணாது, வேற டெர்மினல்ல தெறந்து பாருங்க.