நீர்ப்பூட்டு

கால்வாயின் நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்குவதற்காகக் கட்டப்படும், இருபுறமும் கதவுள்ள அறைக்கு நீர்ப்பூட்டு என்று பெயர். ஆங்கிலத்தில் இது 'லாக்', பிரெஞ்சில் 'ஏக்ளூஸ்'.

ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் தாழ்ப்பாள், அடைப்பு. வீட்டுப் பூட்டும் இதுவும் ஒரே சொல்தான். பிரெஞ்சுச் சொல்லின் மூலம் 'எக்ஸ்க்ளூசா' என்னும் லத்தீன். உள்ளே விடாமல் அடைக்கப்பட்டது என்று பொருள். நம் பொறியாளர்கள் ஏரி மதகைக் குறிக்கப் பயன்படுத்தும் 'ஸ்லூயிஸ்' அதற்குப் பங்காளி. அதனால் லாக்கையும் மதகு என்றே எழுதிவிடத் தோன்றும். ஆனால் மதகின் வேலை தண்ணீரை விடுவது, அதற்கு ஒரு கதவு போதும். லாக்கின் வேலை படகை விடுவது, அதற்கு இரண்டு கதவும் நடுவே ஓர் அறையும் வேண்டும். 984இல் சீனப் பெருங்கால்வாயில் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி கட்டியது இப்படிப்பட்ட அறைதான். அதற்கு முன் படகுகளைச் சரிவில் இழுத்தே ஏற்றினார்கள். படகு உடையும், அந்தக் களேபரத்தில் வரித் தானியம் களவும் போகும்.

சென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி லாக் நகர் இருக்கிறது. படகுப் போக்குவரத்து ஓய்ந்த பிறகும் சொல் ஊர்ப்பெயரில் தங்கிவிட்டது. ஆகவே பேச்சில் 'லாக்' என்பதில் குற்றமில்லை. எழுத்தில் வெறும் 'பூட்டு' மட்டும் ஆகாது. 'படகு பூட்டு வழியாகச் சென்றது' என்று படித்தால் சாவித் துவாரம்தான் நினைவுக்கு வரும். 'கால்வாய்ப் பூட்டு' என்றாலோ கால்வாயையே இழுத்து மூடிவிட்டதாகத் தொனிக்கிறது. 'நீர்ப்பூட்டு' இரண்டுக்கும் தப்புகிறது.

இதன் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். தெற்குப் பிரான்சின் கனால் து மிதியை வைத்துப் பார்ப்பது எளிது. 1666இல் வேலை தொடங்கி 1681இல் திறந்த இந்தக் கால்வாய், துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத் தோ காயல் வரை 240 கிலோமீட்டர் ஓடுகிறது. கட்டிய பியர் பால் ரிக்கே 1680இலேயே இறந்துவிட்டார்.

இங்கே பூட்டறை நீள்வட்டமாக இருக்கும். தொடக்கத்தில் எழுப்பிய நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தத்தில் சரிந்ததால், ரிக்கே சுவரை மண்பக்கம் வளைத்துக் கட்டினார். படுக்கவைத்த வளைவு மண்ணைத் தாங்கிக்கொள்கிறது. படகுக்காரருக்கு இதனால் ஒரு தொல்லை: குழிந்த சுவரில் படகின் நடுப்பகுதி படாது, முனைகள்தான் இடிக்கும். இடி தாங்கும் ரப்பர் உருளைகளை முன்னும் பின்னும் தொங்கவிட வேண்டும்.

அறையின் ஒவ்வொரு முனையிலும் கதவு இரட்டை. மூடும்போது இரண்டும் மேல்நீரை நோக்கிக் கூம்பி நிற்கும். நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கும். இருபக்க மட்டமும் சமமாகாமல் திறக்கவே முடியாது. 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் நனைந்த கதவின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 100 கிலோ எடை அழுத்தும். கதவிலோ சுவரிலோ உள்ள சிறு நீர்வழியைக் 'கண்' என்றும், அதை மூடும் பலகையை 'ஷட்டர்' என்றும் சொல்லலாம். இரண்டும் மதகோடு புழங்கும் சொற்கள்தாம்.

ஏறும்போது கீழ்க்கதவு வழியாக உள்ளே போய், முன் பின் கயிறுகளைக் கரை முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடிக்க வேண்டும். கீழ்க்கதவையும் அதன் கண்களையும் மூடியபின் மேல்கண்களைக் கால்வாசி மட்டும் திறக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் பாயும் நீர் படகைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரில் அறையும். நீர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று பல இடங்களில் கதவும் ஷட்டரும் மின்விசையில் இயங்குகின்றன, ஆனால் கயிறு படகில் இருப்பவர் பொறுப்புதான்.

இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். கயிற்றை முடிச்சிட்டுவிட்டால் நீர் வடிய வடியப் படகு கயிற்றில் தொங்கும். அதைவிட மோசம் 'நிலைப்படி'. மேல்கதவின் அடியில் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்திட்டு அது. அறை நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் மூக்கு மட்டும் கீழே போய்ப் படகு கவிழும். கீழ்க்கண்களை உடனே மூடிவிட்டு, பிறகு மேல்கண்களை மெதுவாகத் திறந்து அறையை நிரப்புவதே வழி.

ஒவ்வொரு முறையும் ஓர் அறைத் தண்ணீர் கீழே போய்விடும். 30 மீட்டர் நீளம், சராசரி 8 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் இறக்கம் என்று கொண்டால் 6 லட்சம் லிட்டர். கால்வாயின் உச்சியான நோரூஸ் மேட்டுக்கு, கருமலைத் தொடரின் ஓடைகளைத் திருப்பியும் சென் ஃபெரியோல் நீர்த்தேக்கத்தில் தேக்கியும் ரிக்கே நீர் கொண்டுவந்தார். கதவுகளைவிட இதுதான் அவருடைய பெரிய சாதனை.

அறைகள் அடுத்தடுத்து ஒட்டியிருந்தால் 'படிப்பூட்டு' எனலாம். பெசியே நகருக்கு அருகே ஃபோன்சரானில் எட்டு அறைகளும் ஒன்பது கதவு வரிசைகளுமாக 21.5 மீட்டர் உயரத்தைக் கடக்கும்படி கட்டினார்கள். ஓர் அறையின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. எதிர்ப்படும் படகுகள் நடுவில் விலக இடமில்லாததால், குறித்த நேரத்தில் ஒரு திசைக்கு மட்டுமே திறப்பார்கள். நேரம் தவறினால் கரையில் கட்டிப்போட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.