சிறுகோளுக்கு விலை எழுதி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

சைக்கி சிறுகோளின் மதிப்பு 10-க்குப் பின்னால் 18 சுழி போட்ட டாலராம். இந்த எண்ணைத் தலைப்பில் போட்டு மறுபடியும் ஒரு முதலீட்டு விளம்பரம் சுற்றுகிறது. சேமிப்பை எடுத்துப் போடலாமா என்று கேட்பவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். வேண்டாம்.

அந்த எண் வந்த வழியைப் பாருங்கள். சிறுகோள் முழுக்க இரும்பும் நிக்கலும் என்று வைத்துக்கொண்டு, அதன் எடையை இன்றைய சந்தை விலையால் பெருக்கியிருக்கிறார்கள். தோண்டும் செலவும் கொண்டுவரும் செலவும் அதில் இல்லை. அத்தனை இரும்பு சந்தைக்கு வந்தால் இன்றைய விலை நிற்காது என்பதும் இல்லை. கடல்நீரில் தங்கம் கரைந்திருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் அதைப் பிரிக்க முயன்றார், கட்டுப்படியாகாமல் கைவிட்டார். ஒரு பொருள் இருப்பது வேறு, அதை லாபத்தோடு எடுப்பது வேறு. அதுவும் சைக்கியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம்தான், இரும்புக்கு 7.9. பாறை கலந்திருக்க வேண்டும், அல்லது உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும். நாசாவின் கலம் போய்ச் சேருவதே 2029-ல்.

இதுவரை வந்து சேர்ந்த சரக்கு எவ்வளவு? ரியுகு என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா-2 கலம் கொண்டுவந்தது 5.4 கிராம். பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் 7 ஆண்டுகளில், 100 கோடி டாலருக்கு மேல் செலவில், 121.6 கிராம். அறிவியலுக்கு அது பொக்கிஷம். ஆனால் சுரங்கக்காரர் கவனிக்க வேண்டியது வேறு: பென்னுவைத் தொட்டவுடன் கலத்தின் கை அரை மீட்டர் புதைந்தது, மூடியில் கல் சிக்கி, எடுத்த மண்ணில் ஒரு பகுதி சிதறியது, பூமிக்கு வந்த பிறகும் மாதிரிப் பெட்டியின் 35 திருகுகளில் 2 கழலாமல் தனிக் கருவி செய்து 2024 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஈர்ப்பு மிகமிகக் குறைந்த இடத்தில் துளைக்கருவியை அழுத்தினால் இயந்திரமே பின்னால் தள்ளப்படும். சிறுகோள் உலோகத்தில் டன்னுக்கு 30 கிராம் பிளாட்டினம் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு டன் எடுக்க 33,000 டன் உலோகத்தை அங்கேயே உருக்கிப் பிரிக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் கொஞ்சம் நியாயமானது. சில சிறுகோள்களில் உள்ள களிமண் கனிமங்களைச் சூடாக்கி நீர் எடுத்து, விண்வெளியிலேயே எரிபொருளாக விற்கலாம். ஆனால் தவறாமல் வாங்க அங்கே இன்னும் வாடிக்கையாளர் இல்லை. சிறுகோள் சுரங்கம் தோண்டக் கிளம்பிய பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம் 2018-ல் ஒரு பிளாக்செயின் நிறுவனத்தின் கைக்குப் போனது.

பணம் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்: எந்தச் சிறுகோள், போய்வர டெல்டா-வி (கலம் மாற்ற வேண்டிய மொத்த வேகம்) எவ்வளவு, எத்தனை கிலோ திரும்பும், வாங்குவது யார்? பதில் எண்ணாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சிறுகோளில் மனை என்று யாராவது பத்திரம் நீட்டினால் அது வெறும் காகிதம். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் அதற்கு உரிமை கோர முடியாது. அமெரிக்காவின் 2015 சட்டமும் எடுத்த பொருளுக்குத்தான் உரிமை தருகிறது, சிறுகோளுக்கு அல்ல.