வழிநாவல், சார்புநாவல்: ‘நாவலாக்கம்’ ஏன் போதாது?

வீடியோ கேம்களை ஒட்டி வரும் நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ‘நாவலாக்கம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். அண்மையில் ஓர் அறிமுகக் குறிப்பில் ‘ஹேலோ: த ஃபால் ஆஃப் ரீச்’ என்ற புத்தகத்தை ‘புகழ்பெற்ற ஹேலோ கேமின் நாவலாக்கம்’ என்று படித்தேன். இதே புத்தகத்துக்கு இதே அடைமொழியைப் பலமுறை பார்த்தாயிற்று. எரிக் நைலண்ட் எழுதிய அந்த நாவல் 2001 அக்டோபர் கடைசியில் வெளிவந்தது. கேம் கடைக்கு வந்தது நவம்பர் 15 அன்று. கேமின் கதை தொடங்குவதற்கு முன்பு நடந்தவற்றைத்தான் நாவல் சொல்கிறது. சிறு வயதிலேயே கடத்திச் செல்லப்பட்டுப் படைவீரர்களாக வார்க்கப்பட்ட பிள்ளைகள், அவர்களில் ஒருவனான ஜான், ரீச் என்ற கோளின் வீழ்ச்சி: இவைதான் அதன் பொருள். விளையாடும்போது நாம் காணும் காட்சிகள் அதில் இல்லை. கேமுக்கு முன்னால் அச்சாகி, கேமில் இல்லாத கதையைச் சொல்லும் ஒரு நூல், அந்தக் கேமின் ‘ஆக்கம்’ ஆவது எப்படி?

முதலில் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘நாவலைசேஷன்’ என்கிறார்கள். லத்தீனில் ‘புதிய’ என்று பொருள்படும் வேரிலிருந்து இத்தாலியில் ‘நொவெல்லா’ பிறந்தது. அது ஆங்கிலத்தில் நாவலாகி, பின்பு ‘ஆக்குதல்’ என்ற பொருள் தரும் கிரேக்க விகுதியையும் சேர்த்துக்கொண்டது. பேசாப்பட காலத்திலேயே சினிமாக் கதைகளை உரைநடையாக எழுதி விற்றார்கள். வீடியோ கேம்கள் அந்த வழக்கத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டன. இன்னொரு சொல்லான ‘டை-இன்’ வணிகத்திலிருந்து வந்தது. ஒரு சரக்கின் புகழைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சரக்கை விற்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது ஏற்கெனவே உள்ள கதையை நாவலாக எழுதுவது. பின்னது, அந்த உலகத்தை ஒட்டி வரும் எல்லாவற்றையும் குறிக்கும் பெரிய குடை. தமிழில் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டோம்.

நாவலா புதினமா என்ற கேள்வியில் நான் நாவல் பக்கம். ‘புது’ என்பதிலிருந்து பிறந்த ‘புதினம்’, மூலச்சொல்லின் வேர்ப்பொருளோடு அழகாகவே பொருந்துகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘என்ன புதினம்?’ என்று கேட்டால் ‘என்ன செய்தி?’ என்றுதான் அர்த்தம். அங்குள்ள வாசகருக்குப் ‘புதினமாக்கம்’ என்பது ஒன்றைச் செய்தியாக்குவது போல ஒலிக்கும். நாவல் என்றால் எல்லாக் கரையிலும் நாவல்தான்.

இனி ‘ஆக்கம்’. அந்தச் சொல்லோடு எனக்குப் பகையில்லை. ‘அறத்தினூஉங்கு ஆக்கமும் இல்லை’ என்று வள்ளுவர் எழுதிய சொல். ஆக்கம் செயலைக் குறிப்பது, செய்து முடித்த பொருளை எப்படிக் குறிக்கும் என்று இலக்கண வழக்காடுகிறவர்கள் உண்டு. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். மொழியாக்கம் என்பது மொழிபெயர்க்கும் வேலைக்கும் பெயர்தான், கையில் இருக்கும் மொழிபெயர்ப்பு நூலுக்கும் பெயர்தான். என் குறை வேறு. ஆக்குவதென்றால் ஆக்கப்படும் பொருள் முன்பே இருந்தாக வேண்டும். அரிசியைச் சோறாக்க அரிசி கையில் இருக்க வேண்டும். ‘ஹேலோ’ நாவல்களில் நாவலாக்கம் என்று சொல்லத்தக்கது 2003இல் வில்லியம் டீட்ஸ் எழுதிய ‘த ஃபிளட்’. கேமில் நாம் சுட்டுக்கொண்டே கடந்துபோகும் அதே கதை, அதே வரிசையில் அங்கே வருகிறது. ‘த ஃபால் ஆஃப் ரீச்’ அப்படியில்லை. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுகிறவர், வாங்கப்போகும் வாசகருக்குத் தவறான தகவலைத் தருகிறார். தான் ஆடிய கதையையே மறுபடி படிக்க விரும்புகிறவருக்கும், ஆட்டத்தில் கிடைக்காததைத் தேடுகிறவருக்கும் வேண்டிய புத்தகங்கள் வேறு வேறு.

இது ஒரு நூலோடு நிற்கிற விவகாரமல்ல. ‘மிஸ்ட்’ 1993இல் வந்த கேம். இரண்டாண்டு கழித்து அதைப் படைத்த மில்லர் சகோதரர்கள் டேவிட் விங்ரோவுடன் சேர்ந்து ‘த புக் ஆஃப் ஏட்ரஸ்’ எழுதினார்கள். பாட்டியிடம் வளரும் ஏட்ரஸின் இளமையும் அவன் தந்தையோடு கொண்ட மோதலும் அதன் கதை. ஆட்டத்தின் புதிர்த்தீவில் நாம் வந்திறங்குவதற்கு வெகுகாலம் முந்தைய காலம் அது. ‘மாஸ் எஃபெக்ட்: ரெவலேஷன்’ 2007இல் கேமுக்குச் சில மாதங்கள் முன்பே வந்தது. எழுதிய ட்ரூ கார்பிஷன்தான் அந்தக் கேமின் தலைமை எழுத்தாளரும். இவற்றையும் நாவலாக்கம் என்று எழுதினால் சொல்லுக்கு எல்லை எங்கே?

‘தழுவல்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இது இன்னும் பொருந்தாது. தமிழில் தழுவலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லக் ஹோம்ஸை ஆனந்த சிங் ஆக்கினார். பெயரும் ஊரும் நடையுடையும் மாறி, வந்த கதை நம் வீட்டுக் கதை போல உட்கார்ந்துவிடும். தமிழ் வாசகர் தழுவல் என்று புரிந்துகொண்டது அதைத்தான். கேம் நாவலாசிரியருக்கு அந்த உரிமை துளியும் கிடையாது. அவர் உரிமையாளரிடம் அனுமதி பெற்று எழுதுகிறவர். கதாபாத்திரத்தின் பெயரை மாற்ற முடியாது, துப்பாக்கியின் பெயரைக்கூட மாற்ற முடியாது. எழுதியதை நிறுவனம் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குப் போகும். மாற்றுவதே தழுவலின் உயிர். இங்கோ மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் ஒப்பந்தம்.

‘விளையாட்டு நாவல்’ பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. நாளிதழில் விளையாட்டுப் பக்கம் என்றால் கிரிக்கெட்டும் கபடியும். விளையாட்டு நாவல் என்றால் ஒரு ஓட்டக்காரியின் கதையை எதிர்பார்ப்போம். முன்னால் ‘காணொளி’யைச் சேர்ப்பதாலும் பயனில்லை. காணொளி பார்ப்பதற்கானது, இது கையால் ஆடுவதற்கானது. பிள்ளைகளும் பெரியவர்களும் கேம் என்றே சொல்கிறார்கள். மொத்தத் தொகுதியைக் குறிக்கக் ‘கேம் நாவல்கள்’ என்றே எழுதலாம். அதில் எந்த இழுக்கும் இல்லை.

உள்ளே பிரிப்பதற்குத்தான் நல்ல சொற்கள் வேண்டும். அவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ‘முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்’ என்று வகுத்து வைத்திருக்கிறார். வழிநூல் எது?

‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.’

முன்னவர் நூலின் முடிவுகளோடு முழுவதும் ஒத்துப்போய், பின்னவர் தாம் வேண்டிய வேறுபாடுகளைச் சொல்லி, மரபு கெடாமல் நிற்பது வழிநூல். சார்புநூலை அவர் புடைநூல் என்றும் சொல்வார்:

‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித்
திரிபுவே றுடையது புடைநூ லாகும்.’

முதல்நூல், வழிநூல் இரண்டோடும் ஒரு பகுதி ஒத்து, மற்றவற்றில் வேறுபட்டுப் போவது அது. ‘சிறை’ என்றால் இங்கே பகுதி.

இந்த இரண்டு நூற்பாக்களையும் வைத்துக்கொண்டு எஸ். டி. பெரியின் ‘ரெசிடென்ட் ஈவில்’ நாவல்களைப் பாருங்கள். முதல் நாவலான ‘த அம்ப்ரெல்லா கான்ஸ்பிரசி’ 1998இல் வந்தது. கேமில் கிறிஸ் அல்லது ஜில் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆட முடியும். கிறிஸோடு போனால் துணைக்கு ரெபெக்கா, ஜில்லோடு போனால் பாரி. நாவலில் அப்படி ஒருவரைத் தேர்ந்து மற்றவரை விட முடியாது. பெரி இரண்டு பாதைகளையும் ஒன்றாக நெய்து நால்வரையும் ஒரே இரவில் கதை நடக்கும் மாளிகைக்குள் நடமாட விட்டார். கேமில் இல்லாத ட்ரென்ட் என்ற மர்ம மனிதனையும் கொண்டுவந்தார். முடிவு கேமின் முடிவுதான், விகற்பம் அவருடையது. பவணந்தி சொன்ன வழிநூல் இதுவே. அதே ஆண்டில் வந்த இரண்டாம் நாவல் ‘கேலிபன் கோவ்’. ரெபெக்காவை எடுத்துக்கொண்டு, எந்தக் கேமிலும் இல்லாத ஒரு கடற்கரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறது. அது கேமிலிருந்து ஒரு சிறையை எடுக்கிறது, பெரியின் சொந்த முதல் நாவலிலிருந்து ட்ரென்டை எடுக்கிறது. ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கி’ என்ற அடிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. முதலாவது வழிநாவல், இரண்டாவது சார்புநாவல்.

தொல்காப்பிய மரபியல் இன்னும் நுட்பமாகப் போகிறது. வழிநூல் செய்யும் முறைகள் தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்கு என்கிறது. ‘த ஃபிளட்’ விரித்தல். கேமில் நாம் நாயகன் மாஸ்டர் சீஃபின் கண் வழியாக மட்டுமே பார்க்கிறோம். டீட்ஸ், அவன் அருகில் இல்லாதபோது மரீன் படையினர் என்ன செய்தார்கள் என்பதையும், எதிரிப் படையில் யாயாப் என்ற எளிய சிப்பாய் எப்படி அஞ்சி அஞ்சிப் பிழைத்தான் என்பதையும் எழுதினார். ‘டூம்’ வேறு வகைச் சிக்கல். 1993இல் வந்த அந்தக் கேமில் கதை என்று சொல்ல மிகக் கொஞ்சம், நாயகனுக்குப் பெயரே இல்லை. 1995இல் டாஃபிட் அப் ஹ்யூவும் பிராட் லினவீவரும் நாவல் எழுதியபோது அவனுக்கு ஃபிளின் டாகர்ட் என்று பெயர் வைத்தார்கள். நரகத்துப் பேய்களை வேற்றுக்கோளார் செய்து அனுப்பிய உயிர்கள் ஆக்கினார்கள். நான்கு நாவல்களுக்கு அது நீண்டது. முதல் நாவலை வழிநாவல் என்று ஒப்புக்கொண்டாலும், போகப்போக அவை சார்புநாவல்கள்தான்.

இந்தச் சொற்களால் இன்னொரு நன்மையும் உண்டு. நாவலாக்கம் என்ற சொல்லோடு ‘காசுக்கு எழுதியது’ என்ற இளக்காரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வழிநூல் என்பதில் அது கிடையாது. கம்பராமாயணம் வழிநூல் என்று சொல்லும்போது யாரும் கம்பரைத் தாழ்த்துவதில்லை. எல்லாக் கேம் நாவலும் காவியம் என்று நான் சொல்ல வரவில்லை. 1990இல் ஸ்கொலாஸ்டிக் வெளியிட்ட ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் பவர்’ வரிசை பிள்ளைகளை நிண்டெண்டோவிலிருந்து புத்தகத்துக்கு இழுக்கச் செய்த எளிய முயற்சி. ஆனால் தரத்தை நூலைப் படித்துச் சொல்ல வேண்டும். வகைப்பெயரே தீர்ப்பாகக் கூடாது.

‘திரிபு’ என்ற சொல்லும் இங்கே உதவுகிறது. சார்புநாவல் வேறுபடலாம். ஆனால் எந்தச் சிறையிலிருந்து தொடங்கியதோ அதோடு முரண்படக் கூடாது. 2012இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்: டிசெப்ஷன்’ கேம்களோடும் முந்தைய நாவல்களோடும் பல இடங்களில் மோதியது. வாசகர்கள் பிழைகளைப் பட்டியலிட்டார்கள். கேம் நிறுவனமும் பதிப்பகமும் தவறை ஒப்புக்கொண்டு, அடுத்த பதிப்புகளில் திருத்துவதாக அறிவித்தன. எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2010இல் ‘ஹேலோ: ரீச்’ கேம் வந்தபோது நைலண்டின் நாவல் சொன்ன வரலாற்றோடு அது பொருந்தவில்லை. கேம்தான் நாவலின் ஒரு சிறையை எடுத்துத் திரிந்தது. இங்கே கேமே சார்புநூல். நாவலாக்கம் என்ற சொல்லை மட்டும் வைத்திருக்கிறவரால் இதைச் சொல்லவே முடியாது.

‘வழிநாவல் என்றால் பயணநாவல் என்று நினைத்துவிடுவார்களே’ என்று ஒருவர் கேட்டார். வழித்தோன்றல் என்றால் பயணி என்று யாரும் நினைப்பதில்லை. ‘சார்பு’ ஒருதலைச் சார்பைக் குறிக்குமே என்றும் கேட்கலாம். சார்பெழுத்து என்று பள்ளியில் படித்த எவருக்கும் அந்தக் குழப்பம் வராது.

எனக்குக் கோபம் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். ஆங்கிலத்தில் ‘-ஐசேஷன்’ என்று முடிந்தால் போதும், பொருளைப் பார்க்காமல் ‘ஆக்கம்’, ‘மயமாக்கல்’ என்று ஒட்டிவிடுகிறார்கள். விகுதிக்கு விகுதி வைத்தால் சொல் பிறந்துவிட்டதாக நம்புகிறார்கள். பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் வழிநூலும் சார்புநூலும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அவை இலக்கணத் தேர்வுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். புழங்கினால்தான் சொல் உயிரோடு இருக்கும்.

திசையே தலைகீழாகும் இடத்தில் பிழை இன்னும் பெரிது. ‘த விட்சர்’ நாவல்களை ஆந்த்ஜெய் சாப்கோவ்ஸ்கி போலிஷ் மொழியில் எழுதினார். அந்த உலகத்தின் முதல் சிறுகதை 1986இல் வந்தது, முதல் கேம் 2007இல். ஆங்கிலப் பதிப்புகளின் அட்டையில் கேமின் படத்தைப் போட்டு விற்றார்கள். கேமைப் பார்த்து எழுதிய நாவல்கள் என்று வாசகர்கள் எண்ணுவதைச் சாப்கோவ்ஸ்கி நேர்காணல்களில் கடிந்துகொண்டிருக்கிறார். அவற்றைத் தமிழில் அறிமுகப்படுத்துகிறவர் ‘கேம் நாவல்’ என்றே எழுதக் கூடாது. அவை முதல்நூல்கள். திமித்ரி குளுகோவ்ஸ்கியின் ‘மெட்ரோ 2033’ நாவலும் அப்படித்தான். அதன் கேம் 2010இல்தான் வந்தது.

வகைப்படுத்தக் கடினமானவையும் இருக்கின்றன. ஆலிவர் பௌடன் என்ற புனைபெயரில் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்’ நாவல்களில் 2009இன் ‘ரெனைசன்ஸ்’ ஐயமின்றி வழிநாவல், இரண்டாம் கேமின் கதை அது. 2011இன் ‘த சீக்ரெட் குரூசேட்’ அல்தாயிர் என்பவனின் வாழ்க்கையை ஒன்றுக்கு மேற்பட்ட கேம்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, இடையில் விடுபட்ட ஆண்டுகளையும் நிரப்புகிறது. சார்புநாவல் என்பார்கள் சிலர். சேர்ப்பதும் நிரப்புவதும் தொகைவிரி, தொகைவிரி வழிநூலுக்கு உரிய முறை. ஆகவே நான் அதையும் வழிநாவல் பக்கமே வைப்பேன்.