சாரக் கம்பும் விண்வெளி வீரரின் இடுப்பெலும்பும்

2025 மார்ச்சில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாட்கள் விண்வெளியில் இருந்துவிட்டுக் கடலில் வந்திறங்கிய வீடியோவை எங்கள் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் எல்லோரும் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலத்திலிருந்து அவர்களைக் கைத்தாங்கலாக எடுத்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டுவிட்டு, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "அங்கிள், அவங்கட எலும்பு முறிஞ்சிரும் எண்டு பயந்தா இப்படித் தூக்கிட்டுப் போறாங்க?"

ஸ்ட்ரெச்சருக்கு எலும்பு காரணமில்லை. பல மாதம் மிதந்தவருக்கு உட்காதின் சமநிலை உறுப்பு குழம்பியிருக்கும், எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதனால் வழமையாகவே அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஓர் எலும்பு எவ்வளவு பாரத்துக்கு முறியும் என்பதை, அதை முறிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அடிப்படை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு உயிருள்ள பொருள், ஒரு வகை உயிர்க்கலங்கள் அதை அரித்துக்கொண்டே இருக்க இன்னொரு வகை கட்டிக்கொண்டே இருக்கும். நடை, ஓட்டம், சுமை என்று பாரம் விழுந்து எழும்போதெல்லாம் உள்ளே இருக்கிற உணர்கலங்கள் 'கட்டு' என்று செய்தி அனுப்பும். 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாமலில்லை, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் கால் எதையும் தாங்குவதில்லை, அவ்வளவுதான். பாரம் இல்லை, செய்தி இல்லை, அரிப்பது கட்டுவதை மிஞ்சிவிடுகிறது. இடுப்புப் பகுதியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பு குறைந்ததாகப் பழைய பயணங்களில் அளந்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்கள் ஒரு வருசத்தில் இழக்கிற அளவு அது.

சரி, அதை எப்படி அளந்தார்கள்? டெக்ஸா ஸ்கேனில். இரண்டு வேறு சக்தியுள்ள எக்ஸ்றே கதிர்களை உடம்பின் ஊடாக விட்டு, எலும்பு எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்து, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்று கணக்குச் சொல்லும். சதுரம் என்பதைக் கவனியுங்கள், கன சென்ரிமீற்றர் இல்லை. அது ஒரு நிழல். சுவரில் விழுகிற நிழலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எத்தனை தூண் நிற்கிறது என்று சொல்ல முடியாது.

இது எனக்கு வெறும் புத்தகச் சங்கதி இல்லை. மூன்று வருசத்துக்கு முதல் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் இதே ஸ்கேன் எடுத்தோம். இளவயதினரின் சராசரியிலிருந்து எலும்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்டுகிற ரி-ஸ்கோர் என்ற எண், ரிப்போர்ட்டில் மைனஸ் 2.1 என்று வந்தது. மைனஸ் 2.5 வந்தால்தான் ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு நலிந்து எளிதில் முறிகிற நோய், என்று எல்லை வைத்திருக்கிறார்கள், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, கல்சியம் போடுங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாரியில் அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்ததில் இடுப்பு முறிந்தது. ஏழரைச் சனி என்றார் ஒருவர். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்த விளக்கத்தோடு எல்லோரும் எழும்பிப் போய்விடுகிறார்கள், பாசியை யாரும் உரஞ்சுவதில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த எண் ஏன் தவறவிட்டது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துக்கு வர்ணம் பூசச் சாரம் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். நெட்டுக்கு நிற்கிற கம்புகள், அவற்றை இடைக்கிடை பிணைத்துக் கட்டிய குறுக்குக் கம்புகள். ஆள் ஏறி நிற்கிற பாரம் முழுக்க நெட்டுக் கம்பு வழியாகத்தான் இறங்குகிறது, குறுக்குக் கம்பு சும்மா கிடப்பதுபோல் தெரியும். ஆனால் அதை அவிழ்த்துவிட்டால் நெட்டுக் கம்பு நசுங்குவதற்கு வெகு முன்னமே பக்கவாட்டில் வளைந்து போய்விடும். எப்போது வளையும் என்ற கணக்கை லியோனார்ட் ஒய்லர் 1744இல் வெளியிட்டார். ஒரு மெல்லிய கம்பு வளையாமல் தாங்கக்கூடிய பாரம் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு. நடுவில் ஒரு கட்டு இருந்தால் கம்பின் நீளம் பாதியாகிவிட்ட மாதிரி. அந்த ஒரு கட்டை வெட்டினால் நீளம் இரட்டிப்பு, தாங்கும் பாரம் கால்வாசி.

நம்பாவிட்டால் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதைத்தான் செய்து காட்டினேன். தடிப்பான பக்கத்தில் ஒரு சாண் நறுக்கி, சமையலறையின் டிஜிட்டல் தராசில் நெட்டுக்கு நிறுத்தி, நுனியில் விரலை வைத்து மெல்ல அமத்த வேண்டும். அது வில் மாதிரி வளையத் தொடங்குகிற கணத்தில் தராசைப் பார்த்துக் குறித்தாள். அப்புறம் அதையே பாதியாக முறித்து மறுபடி அமத்தினாள். கிட்டத்தட்ட நாலு மடங்கு காட்டியது. இரண்டு மூன்று தரம் திரும்பத் திரும்பச் செய்தாள், முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி மாளாது.

இடுப்பெலும்பின் உட்புறத்தில் இருக்கிற பஞ்செலும்பும் இந்தச் சாரம்தான், தலைமயிர்த் தடிப்பிலிருந்து சற்று மேலே போகிற கம்புகளால் கட்டியது. அரிப்பு கூடினால் மெல்லிய குறுக்குக் கம்புகள்தான் முதலில் அறுந்து போகும். எடைக் கணக்கில் அது ஒன்றுமில்லை, ஒருவருக்கு எல்லாக் கம்பும் கொஞ்சம் மெலிந்து, இன்னொருவருக்குச் சில கம்புகள் அடியோடு அறுந்திருந்தால் டெக்ஸா இருவருக்கும் ஒரே எண்ணைச் சொல்லக்கூடும். பூமிக்குத் திரும்பிய பிறகு நடப்பது இன்னும் நுணுக்கமானது. பாரம் திரும்ப வந்ததும் கட்டுகிற கலங்கள் வேலையைத் தொடங்கும், ஆனால் அவை ஏற்கெனவே இருக்கிற எலும்பின் மேல்தான் பூச முடியும், அறுந்த கம்பின் இரண்டு நுனிக்கும் நடுவே வெறும் இடைவெளியில் பாலம் போடத் தெரியாது. ஆகவே மிச்சக் கம்புகள் தடிக்கின்றன, இடுப்பு மூட்டை ஒட்டிய தொடையெலும்பின் கழுத்தும் வெளிப்பக்கமாகச் சற்றுப் பருக்கிறது. எடை கூடுகிறது, டெக்ஸா எண் மேலே ஏறுகிறது, சாரம் பழைய சாரமாக வருவதில்லை.

இதை நேரடியாகப் பார்த்தவர்கள் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய குழுவினர். எக்ஸ்றேயால் எலும்பை 61 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) அளவுள்ள சிறு கனசதுரங்களாகப் படம் பிடிக்கிற ஒரு வகை சி.ரி. கருவியில் 17 விண்வெளி வீரர்களின் கணுக்காலுக்குச் சற்று மேலே முன்காலெலும்பைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் படம் பிடித்து 2022இல் வெளியிட்டார்கள். திரும்பி ஒரு வருசம் கழிந்தும் 9 பேருக்கு முழுதாக மீளவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் மேலே இருந்தவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசம்.

ஆனால் அந்தக் கருவிக்குள் கையும் காலும்தான் போகும், இடுப்பு போகாது. இடுப்புக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள், கம்ப்யூட்டருக்குள் முறித்துப் பார்ப்பது. சாதாரண சி.ரி. ஸ்கேனை எடுத்து, தொடையெலும்பின் மேற்பகுதியைச் சில மில்லிமீற்றர் அளவுள்ள ஆயிரக்கணக்கான கனசதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்து அடர்த்திக்கேற்ற விறைப்பும் பலமும் கொடுப்பார்கள். பலம் அடர்த்தியின் வர்க்கத்தோடு போகிறது என்று வைத்துக்கொண்டால் அடர்த்தியில் 10 சதவீதம் போனால் பலத்தில் 19 சதவீதம் போகும், 0.9ஐ 0.9ஆல் பெருக்கிப் பாருங்கள். பிறகு கணினியில் பாரத்தை ஏற்றுவார்கள், ஒரு தரம் ஒற்றைக் காலில் நிற்கிற திசையில், ஒரு தரம் பக்கவாட்டில் விழுகிற திசையில், கனசதுரங்கள் ஒன்றையொன்று தள்ளி எது எப்போது விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு. இறந்தவர்கள் தானம் செய்த எலும்புகளை முதலில் ஸ்கேன் எடுத்து, பிறகு ஆய்வுகூடத்தில் உண்மையாகவே முறித்து, கணக்குச் சரிதானா என்றும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜொய்ஸ் கேயக்கின் குழுவினர் விண்வெளி நிலையத்தில் இருந்து வந்த 13 பேருக்கு இப்படிச் செய்து 2009இல் வெளியிட்டபோது, நிற்கும் திசையில் மாதத்துக்கு 2.6 சதவீதமும் விழும் திசையில் 2.0 சதவீதமும் பலம் குறைந்திருந்தது. மேலே சொன்ன 1 - 1.5 சதவீதத்தோடு வைத்துப் பாருங்கள். நிற்கத் தாங்குவதைவிட விழத் தாங்குவது எப்போதும் மிகக் குறைவு, அந்த எலும்பு நடக்கத்தான் கட்டப்பட்டது, பக்கவாட்டில் அடி வாங்குவதற்கு இல்லை.

முறிவு ஆபத்து என்பது கடைசியில் ஒரு பின்னம், அதன் மேல் எண் எலும்பில் விழுகிற பாரம், கீழ் எண் எலும்பின் பலம், விடை 1ஐத் தாண்டினால் முறிவு. தரையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருசம் தொடர்ந்து பார்த்து, யாருக்கு எலும்பு முறியக்கூடும் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். நீண்ட பயணம் போனவர்கள் எண்ணக்கூடிய அளவே, அதிலும் பெரும்பாலும் நடுவயது ஆண்கள், அவர்களுக்கு அந்த அட்டவணை பொருந்தாது, ஆகவே பின்னத்தின் மேலையும் கீழையும் தனித்தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும். செவ்வாயில் ஈர்ப்பு 38 சதவீதம்தான் என்பதால் விழுகிற வேகம் குறையும், மேலே உள்ள எண் சிறுக்கும். ஏழெட்டு மாதம் மிதந்து போய் இறங்குவதால் கீழே உள்ளதும் சிறுத்திருக்கும். 2008இலிருந்து நிலையத்தில் இருக்கிற பெரிய பாரப் பயிற்சிக் கருவியும், எலும்பு அரிப்பைத் தடுக்கிற அலெண்ட்ரோனேற் மாத்திரை கிழமைக்கு 70 மில்லிகிராமும் சேரும்போது இழப்பு வெகுவாகக் குறைகிறது.

இவ்வளவு காசைக் கொட்டி மேலே போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆறு மாதத்தில் இவ்வளவு எலும்பை இழக்கிற சுகதேகிகளைப் பூமியில் வேறெங்கு தேடுவது? அங்கே தேறிய கணக்கு எங்கள் கிணற்றடிக்குத்தான் வருகிறது. இங்கேயும் கொஞ்சம் காசு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதற்குத்தான், எங்கள் மாகாணத்திலேயே இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த நாலு பேரை உருவாக்க.

தராசைத் துடைத்து வைத்துக்கொண்டே பிள்ளை கடைசியாகக் கேட்டாள்: "அப்ப எங்கட அம்மம்மாட இடுப்பையும் இப்படிக் கம்ப்யூட்டருக்குள்ள முறிச்சுப் பாக்கலாமா?" பார்க்கலாம். அவவுக்குப் போன வருசம் வயிற்று நோவுக்கு சி.ரி. எடுத்திருக்கிறார்கள், அடிவயிறு வரை எடுத்ததால் இடுப்பு மூட்டும் அதற்குள்ளே விழுந்திருக்கிறது, அந்தப் படத்திலிருந்தே இந்தக் கணக்கைப் போடுகிற மென்பொருள் வெளிநாடுகளில் பாவனையில் இருக்கிறது. அந்தப் படம் பதிந்து கொடுத்த சி.டி. தட்டு எங்கே என்று கேட்டேன். அலுமாரிக்குள், அடையாள அட்டைக் கொப்பியோடு இருக்கிறது என்றாள்.